சட்டை நனையாமல் கீழ்பென்னாத்தூர்

என் வாய்தான் எனக்கு எதிரி. இருபத்தேழு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி, எதிர்ப்பேச்சே கேட்டுப் பழகாத வாய். அது கீழ்பென்னாத்தூரில், என் நாத்தனாரின் சின்ன மகள் நிச்சயதார்த்தத்தில், பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது என்னைக் கேட்காமலே ஒரு சபதம் போட்டுவிட்டது.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். வயது இருபத்திரண்டு. சென்னையில் ஒரு டாக்டர் இடுப்பு வலி தாங்காமல் விற்றதை, எனக்கு ஐம்பது முடிந்ததற்கு நானே எனக்கு வாங்கிக்கொடுத்தேன். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்த அன்று, கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். முதல் கியரில் அது உறுமும்போது எனக்குப் பத்து வயது குறையும். பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் பத்து வயது கூடும்.

அவர் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். கார் வந்த அன்று சந்தனம், குங்குமம், திருநீறு, நான்கு எலுமிச்சம்பழத்தோடு வாசலுக்கு வந்தார். எலுமிச்சம்பழத்தை மட்டும் சக்கரத்துக்கு அடியில் அனுமதித்தேன். "பெயின்ட் போயிடும். என் கார்ல பொட்டு, பட்டை எதுவும் கூடாது" என்றேன். "சரிம்மா" என்று திருநீற்றுப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் வருடம் காரின் ஏசி நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் குறைந்து, நான்காவது வருடம் வந்த பங்குனியில் சத்தம் மட்டும்தான் வந்தது. கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை நேராக மூக்குக்கு வரும் உயரம் எங்களுடையது. ஏற்றினால் இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த கதைதான். அப்படித்தான் அந்த நிச்சயதார்த்தத்துக்குப் போய் இறங்கினோம். பெண்ணின் தாய்மாமன் என் வீட்டுக்காரர், சபையில் முதல் மரியாதைக்கு உரியவர், சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வேட்டி நனைந்து, காரில் இருந்து கழன்று எழுவதற்கே இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

"என்னடா, ஏரியில எறங்கிட்டு வர்றியா?" என்றார் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தியில் இலை போட்ட பிறகும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. நான் தண்ணீர் டம்ளரை இலை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன்: "அண்ணி, கல்யாண ரிசப்ஷனுக்கு இதே கார்ல, சட்டை நனையாம உங்க தம்பிய கூட்டிட்டு வரேன். இல்லன்னா அன்னிக்கே இந்தக் கார வித்துடறேன்."

நாத்தனாரின் பெரிய மருமகன் வேலூர்க்காரர். ரசத்தில் இருந்து தலை தூக்கினார். "அப்போ சாவிய என்கிட்டயே குடுத்துடுங்க அத்தை. வெளிய ஆள் தேட வேணாம்" என்றார். என் காரை அவர் பார்க்கிற பார்வை எனக்கு முன்னாலேயே தெரியும். நாற்பது பேர் சாட்சி. வாய் விட்ட வார்த்தையை இனி மென்று விழுங்க முடியாது.

கல்யாணம் கத்திரி வெயிலில். நடுவில் ஐந்தே வாரம்.

அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு பாய் இருக்கிறார். வேன், பஸ், லாரி, எதில் ஏசி இருந்தாலும் அவரிடம்தான் வரும். அவருடைய இரண்டு பெண்களும் என்னிடம் படித்தவர்கள், அதனால் நான் அவருக்கு டீச்சரம்மா. காரைச் சுற்றி வந்து, குனிந்து, படுத்து, எழுந்து, "இது கார் இல்ல டீச்சரம்மா, கைக்கொழந்தை" என்றார். அவ்வளவுதான், அந்த மனிதரிடம் என் உயிரைக் கொடுத்துவிட்டேன்.

கோடை ஸ்பெஷல் கிளாஸ் விட்டதும் தினமும் அங்கேதான். எனக்கென்று ஒரு ஸ்டூலே ஒதுக்கிவிட்டார்கள். முதல் வாரம் கேஸ் எங்கே கசிகிறது என்று தேடினார். ஒரு ஷாம்பு பாக்கெட்டைப் பிய்த்துத் தண்ணீரில் கலக்கி, பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தேன். மூன்றாவது இணைப்பில் கடுகளவு ஒரு குமிழி எழும்பி, பெருத்து, வானவில் காட்டி உடைந்தது. கைதட்டிவிட்டேன். டீ குடிக்க வந்திருந்த ஒரு வேன் டிரைவரும் ஏன் என்று தெரியாமலே தட்டினார்.

அடுத்து கம்ப்ரசர். உள்ளே தேய்ந்து மண்ணாகிவிட்டது என்றார் பாய். இந்த வயதுக் காருக்கு அது கிடைப்பது லேசில்லை. சென்னையில் பழைய உதிரிப் பாகக் கடைகளில் சொல்லிவைத்து, வரும் வரும் என்று மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் வகுப்பில் வெப்ப இயக்கவியல் நடத்தினேன். அது பிளஸ் ஒன் பாடம் என்று ஒரு பெண் எழுந்து சொன்ன பிறகுதான் உறைத்தது.

ரிசப்ஷனுக்கு முதல் நாள் மத்தியானம் கம்ப்ரசர் வந்து, பொருத்தி, கேஸ் ஏற்றி, பாய் இன்ஜினைக் கிளப்பினார். பானெட்டுக்குள் ஓடும் அலுமினியக் குழாயில் வியர்வை பூத்தது. குனிந்து கன்னத்தை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவசரமாக உள்ளே உட்கார்ந்து முகத்தைக் காட்டினால், காற்று வரும் துவாரத்தில் இருந்து ஒரு பெருமூச்சு மாதிரி ஏதோ வந்தது. அவ்வளவுதான்.

"குளிர் ஜாஸ்தியாவே இருக்கு. காத்துதான் கம்மி" என்றார் பாய். "டேஷ்போர்டுக்குப் பின்னால குளிர் பெட்டி இருக்குல்ல, அதுல ஏதோ அடைச்சிருக்கு. பாக்கணும்னா மொத்தத்தையும் எறக்கணும். மூணு நாள் ஆகும்."

"நாளைக்கு சாயங்காலம் ரிசப்ஷன் பாய்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இந்த இடத்தில் என் இயற்பியல் புத்தி வேலை செய்தது. அடைப்பு இருந்தால் என்ன, தள்ளுகிற அழுத்தத்தைக் கூட்டினால் காற்று வந்துதானே ஆகவேண்டும். பெரிய மோட்டாராக ஒன்று போட முடியாதா என்று கேட்டேன். பாய் தலையைச் சொறிந்தார். கடையில் ஒரு சுற்றுலா வேனில் இருந்து கழற்றிய மோட்டார் கிடந்தது. பதினெட்டுப் பேருக்குக் காற்று வீசிய மோட்டார். அதை இரண்டு பேர் காருக்குள் திணிக்க அவருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது.

சாவியைக் கொடுக்கும்போது, "ஒண்ணுல, ரெண்டுல வெச்சு ஓட்டுங்க டீச்சரம்மா. நாலுல மட்டும் வெக்காதீங்க. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியல" என்றார்.

மறுநாள் மத்தியானம் மூன்றரை மணி. வெளியே நின்றால் மண்டை பிளக்கும் வெயில். நான் கத்திரிப்பூ நிறப் பட்டில், அவர் புது வெள்ளைச் சட்டையில். சீர்த் தட்டெல்லாம் வேனில் போய்விட்டது. வாழைப்பழத் தட்டு ஒன்று மட்டும் அவர் மடியில். திண்டிவனம் ரோட்டில் ஏறியதும் ஏசி குமிழை இரண்டில் வைத்தேன். மெல்லிசாக, பனி மாதிரி காற்று வந்தது. ஒரு கிலோமீட்டர் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஓரக்கண்ணால் அவர் அக்குளைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

இதற்கு மேல் எனக்குத் தலைகால் புரியவில்லை. நெல் ஏற்றிய லாரியை முந்தினேன். பஸ்ஸை முந்தினேன். ஆரனை எதற்கென்று இல்லாமல் அடித்தேன். அவர்கூட லேசாகச் சிரித்துக்கொண்டு, முதல் தடவையாகச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் கூட்டலாமா?" என்றார்.

"கூட்டுங்க. நாலுலயே வைங்க" என்றேன். சொன்னேனே, என் வாய்.

குமிழ் திரும்பியது. முதலில் ஒரு இருமல். அப்புறம் ஒரு பெரும் தும்மல். அடுத்த நொடி காருக்குள் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை. கண் தெரியாமல் பிரேக்கை மிதித்து, தடவித் தடவி ஓரம் கட்டினேன். அந்த மோட்டார் இன்னும் வீசிக்கொண்டே இருந்தது. பொடி அடங்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவர் தலை, புருவம், மீசை, புதுச் சட்டை, வாழைப்பழம் எல்லாம் ஒரே நிறம். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். பட்டுப் புடவை கட்டிய சாம்பல் பொம்மை.

"இந்த பாய..." என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் வாசனை வந்தது. கற்பூரமும் விபூதியும் கலந்த வாசனை. என் மடியில் காய்ந்த வில்வ இலை ஒன்று. அவர் கன்னத்தில் பொட்டலம் மடித்த தாள் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் வாழைப்பழத்தையே பார்த்தார்.

"நீங்களா?"

பழத்தின் மேல் இருந்த பொடியை ஊதிவிட்டார். "கண்ணாடிக்குக் கீழ, வைப்பர்கிட்ட, வரிசையா சந்து இருக்குதுல்ல. உண்டியல் மாதிரி. சும்மா இருக்குற சந்துன்னு நெனச்சேன்."

வெளிக்காற்று ஏசிக்குள் போகும் வழி அது.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் கிரிவலம் போவார். அன்றைக்குக் கூட்டத்தில் ஊருக்குள் கார் எடுக்க முடியாது, வண்டி வாசலிலேயே நிற்கும். மலையைச் சுற்றி இருக்கும் எட்டு லிங்கத்திலும் கொடுத்த திருநீற்றைப் பொட்டலமாக மடித்துக்கொண்டு விடியற்காலை திரும்புவார். நான் எழுவதற்குள் அந்த எட்டும் உண்டியலுக்குள். நான்கு வருடமாக ஒரு பௌர்ணமிகூடத் தவறவில்லை. மழைக்காலத்தில் நனைந்து, கோடையில் காய்ந்து, அந்தப் பெட்டியே ஒரு சின்ன மலை ஆகிவிட்டிருக்கிறது.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?"

"சொன்னா பொட்டு, பட்டை கூடாதுன்னுவ. நீ ஓட்டற வேகத்துக்கு நான் வேற என்ன பண்றது? வேகத்த கொறைன்னா கேப்பியா?" என்றார். பிறகு மெதுவாக, "நான் எனக்காகவா பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடக்கறேன்னு நெனச்ச?" என்றார்.

ஆமாம். அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தக் காரை அவருக்குப் பிடிக்காது, அதில் உட்கார்ந்திருக்கும் என்னையும் அவ்வளவாகப் பிடிக்காது என்றுகூட நினைத்ததுண்டு. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன், உள்ளே இருந்த திருநீறு தொண்டையில் போய் இருமல் வந்தது. அவர் முதுகைத் தட்டினார். தட்டத் தட்டப் புடவையில் இருந்து புகை கிளம்பியது. அவர் முதலில் சிரித்தார். அப்புறம் நான். நிறுத்த முடியவில்லை. கண்ணீர் வழிந்து இரண்டு பேர் முகத்திலும் கோடு விழுந்தது. அடைப்பு நீங்கிய ஏசி, எங்களைக் கேட்காமல், பதினெட்டுப் பேருக்கான குளிரை எங்கள் மேல் கொட்டியது. பல் தந்தியடிக்கத் தொடங்கியது. இரண்டிற்குக் குறைத்துக்கொண்டு கிளம்பினோம்.

மண்டப வாசலில் நாத்தனாரும் சொந்தமும் வரிசையாக நின்றிருந்தார்கள். வேலூர் மருமகன் நிழலில் இருந்து எழுந்து வந்தார். கார் நின்றது, கதவு திறந்தது, நாங்கள் இறங்கினோம்.

"என்னடா இது கோலம்?" என்றார் நாத்தனார்.

மருமகன் என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். வாயாடி நான், ஒரு வார்த்தை வரவில்லை. சத்தமாகத் தும்மக்கூட மாட்டாத மனிதர்தான் முன்னால் போய், "அக்கா, கையத் தொட்டுப் பாரு" என்றார். நாத்தனார் தொட்டுவிட்டு, சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். "ஐஸா இருக்குதுடா."

"சட்டையையும் தொட்டுப் பாரு. நனையலல்ல? அப்போ சாவி எங்ககிட்டதான் இருக்கும். நாங்க திரும்பிப் போவணும்."

நான்கு வருடத்தில் அந்தச் சாவியை அவர் எங்களுடையது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மருமகன் சிரித்துக்கொண்டே ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் என் வீட்டுக்காரரைத் தட்டித் துடைக்க உள்ளே இழுத்துப் போகப் பார்த்தார்கள். "ஒரு நிமிஷம் இருங்க" என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் புருவத்தில் மிச்சம் இருந்த திருநீற்றை மூன்று விரலால் வழித்தெடுத்தேன். காரின் பானெட்டில், நடு மத்தியில், அழுத்தமாக ஒரு பட்டை போட்டேன். வெயிலில் பானெட் கொதித்தது, விரல் சுட்டது, இருந்தாலும் கோணாமல் போட்டேன். சிவப்புப் பெயின்டில் திருநீறு நன்றாகத்தான் எடுத்துக் காட்டியது.