கல்லங்குறிச்சியில் எழுதிய ஸ்டார் மொய்

அரியலூரில் என் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வயலில் போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் வண்டியோடு போய் அதை மேலே தூக்கி, கடைக்குக் கொண்டுவந்து, கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, மறுபடியும் இறக்கிக் கொடுக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பு அவர் ஒரு சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். தன்னைவிட வேலை தெரியாத ஒருவரிடம் தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார் என்று அவருடைய அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். சொந்தக் கடை போட்ட பிறகுதான் மனுஷன் சிரிக்க ஆரம்பித்தார்.

பிறகு பைபாஸில் ஒருவர் புதிதாகக் கடை திறந்தார். அவர் கட்டுகிற காயில் ஒரு வெள்ளாமைக்குத் தாங்காது. ஆனால் செல்போனில் மோட்டார் ரிப்பேர் என்று தேடினால் முதலில் நிற்பது அவர்தான், நாங்கள் எங்கேயோ அடியில். பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது யாரும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்ப் பொறுமையாகப் பார்க்க மாட்டார்கள். எங்களுக்கு வரும் போன் குறைந்துகொண்டே வந்தது. பங்குனி மாதம்தான் தண்ணீர் கீழே இறங்கி மோட்டார்கள் எரிகிற காலம். அதற்குள் நிலைமை மாறாவிட்டால் ஆலைக்கே திரும்பிவிடுவதாக என் கணவர் சொன்னார். அவர் வீம்புக்கு எதையும் சொல்கிறவர் இல்லை.

பி.சி.ஏ. படித்த திமிரில் கடைக்கு இணையதளம் போட்டது நான். அதை மேலே கொண்டுவர பெரம்பலூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்ததும் நான்தான். நிபுணர் என்று அவர் சொல்லிக்கொண்டார், வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'இன்றைய நவீன உலகில் மோட்டார் மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகத் திகழ்கிறது' என்பது எங்கள் தளத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த முதல் வரி. அந்த வரிக்குக் கீழே அதே சங்கதியை வேறு வேறு விதமாகப் பத்துப் பத்தி எழுதியிருந்தார். பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒளித்து வைத்திருந்தார். குன்னத்தில் ஆரம்பித்து உடையார்பாளையம் தாண்டி, எங்கள் வண்டி ஜென்மத்துக்கும் போகாத கடற்கரை ஊர்கள் வரை அதில் இருந்தன.

"இது யார் கண்ணுக்கும் தெரியாதே சார்" என்றேன்.

"மனுசங்களுக்குத் தெரியாதுங்க மேடம், தேடிக் காட்டுற மெஷினுக்குத் தெரியும். மெஷின ஏமாத்துறதுதான் நம்ம தொழிலே" என்றார்.

ஏமாற்றவும் ஒரு திறமை வேண்டும், அந்தப் பாக்கியமும் அவருக்கு இல்லை. இரண்டாம் பக்கத்தில் இருந்த நாங்கள் மூன்றே மாதத்தில் ஐந்தாம் பக்கத்துக்குப் போனோம். கேட்டதற்கு, "ரிசல்ட் மெதுவாத்தான் வரும், நம்பிக்கை வைங்க" என்றார். சாமியாடி சொல்ல வேண்டியதை லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு சொன்னார். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

பிறகு நானே வேலையில் இறங்கினேன். ஒரு வாரம் கடையில் உட்கார்ந்து, போனில் விவசாயிகள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டேன். மோட்டார் ஓடுது, தண்ணி வரல, என்னாங்க காரணம்? தூக்கி எறக்க எத்தினி மணி நேரம் ஆவும்? வண்டி வரப்பு வரைக்கும் வருமா? இந்தக் கேள்விகளைத் தலைப்பாக வைத்து, என் கணவர் போனில் சொல்கிற பதிலை அப்படியே கீழே எழுதினேன். கடை திறக்கும் நேரம் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது, ஒன்றாக்கினேன். குன்னம் பக்கம் சிக்னல் கிடைக்கிற லட்சணத்தில் பக்கம் திறக்க வேண்டுமே என்று படங்களைச் சுருக்கினேன். ஒளித்து வைத்த ஊர்களையெல்லாம் அழித்தேன். இதில் ஒரு வித்தையும் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும்தான். முதல் பக்கத்தின் அடிக்கு வந்து சேர்ந்தோம்.

அதற்கு மேல் ஏற வேண்டுமானால் வரைபடத்தில் தெரிகிற கடைப் பட்டியலில் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு வாடிக்கையாளர்கள் ஸ்டார் கொடுத்துக் கருத்து எழுத வேண்டும். எங்களுக்கு எழுதியிருந்தது நான்கே பேர். அதில் குன்னம் பக்கத்தில் வெங்காயம் போடுகிற ஒரு அம்மா எழுதியது எனக்கு மனப்பாடம். 'காலைல பதினொரு மணிக்கு போன் பண்ணேன். சாயங்காலம் நாலு மணிக்கு தண்ணி வந்துருச்சு. கழட்டின பழைய பாகத்தை எல்லாம் எண்ணி திருப்பி வச்சாங்க.' அந்த மூன்று வரிக்கு முன்னால் நிபுணரின் பத்துப் பத்தியும் குப்பை.

அவரைப் போல எழுதச் சொல்லி மற்ற வாடிக்கையாளர்களிடமும் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. சேற்றுக் கையோடு நிற்கிறவர் எங்கே எழுதப் போகிறார் என்று என் படிப்பு எனக்குச் சொன்னது. வீட்டில் உட்கார்ந்து புலம்புவது சுலபமாக இருந்தது. அப்படிப் புலம்பியது என் கணவரின் அண்ணன் காதில் விழுந்தது.

"எத்தினி ஸ்டாரு வேணும் ஒங்களுக்கு?" என்றார் அவர்.

"பைபாஸ் கடைக்கு அறுபது பேர் எழுதியிருக்காங்க மாமா."

"ப்பூ, இவ்வளவுதானா? ஒரே விசேஷத்துல வந்துரும்மா. நான் வைக்காத மொய்யா, நம்மள்ட்ட வாங்காத வூடா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு உலகத்தில் எந்தக் காரியத்துக்கும் ஒரே வழிதான் தெரியும், சொந்தக்காரர்களைக் கூட்டுவது. தை மாதம் அவர் பேத்திக்குக் கல்லங்குறிச்சியில் காதுகுத்து. பெருமாளைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் பக்கத்து மண்டபத்துக்குச் சாப்பிட வந்தோம். மொய் எழுதும் மேசைக்கு அருகில் இன்னொரு மேசை போட்டு, மூக்குக் கண்ணாடியோடு அவரே உட்கார்ந்திருந்தார். மேலே சுவரில், போனைக் காட்டினால் நேராக எங்கள் கடைக்குக் கருத்து எழுதும் பக்கம் திறக்கிற க்யூஆர் கோடு. கடையில் ஒட்டுவதற்காக நான் அச்சடித்து வைத்திருந்த தாள் அது.

"இங்க ஸ்டாரு வச்சிட்டு அப்பறமா பந்திக்குப் போங்க" என்று வந்தவர்களை மறித்துக்கொண்டிருந்தார். ஒருவர் பாக்கியில்லாமல் வைத்தார்கள். போன் இல்லாதவர்களின் பெயரைப் பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் கருத்தோடு சேர்த்து எழுதினார்கள். மொய் நோட்டில் எழுதிப் பழகிய சனம், இங்கேயும் அதே வரிசையில் முதலில் ஊர், பிறகு அப்பா பெயர், பிறகு தன் பெயர், கடைசியில் 'அஞ்சு' என்று எழுதியது. காயில் கடையைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை எழுத வேண்டுமே. 'குழந்தை நோய் நொடியில்லாம நூறு வருசம் வாழணும்' என்று ஒருவர். 'சாம்பார் அருமை, அப்பளம் எங்க வரிசைக்கு வரல' என்று ஒருவர். அப்பளம் கிடைக்காதவர் நான்கு ஸ்டாரோடு நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டு என் கணவரின் அண்ணன் கை கழுவும் இடம் வரை அவரைத் துரத்திக்கொண்டு போனார்.

"ஒன் வூட்டு விசேஷம் ஒண்ணு வுடாம நிக்கிறேன். நீ எனக்கு ஒண்ணு கொறச்சு வைக்கிற. சபையில இது மரியாதையா?"

அப்பளக்காரர் ஈரக் கையோடு போனை எடுத்து ஐந்தாக்கிக் காட்டினார்.

இதையெல்லாம் தூணோரம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் இல்லாதவர்களைக் கூட்டி வைத்து எழுத வைத்தால் கடையையே பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று வரைபடக் கம்பெனியின் விதிமுறையில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த மண்டபத்தில் அதைப் படித்த ஒரே ஆள் நான். "நிறுத்துங்க மாமா" என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் போனை எடுத்து எங்கள் கடையைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், நாற்பத்தெட்டு. பைபாஸ்காரரைத் தாண்டுகிற வரைக்கும் போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாண்டியது. எனக்குப் பாயசம் வந்தது, குடித்தேன். நூறைத் தொடட்டும் என்று நினைத்தேன். மெஷினை ஏமாற்றலாம் என்று சொன்ன அந்தப் பெரம்பலூர்க்காரரைவிட நான் எந்த விதத்திலும் ஒசத்தி இல்லை. அவருக்காவது தான் செய்வது தப்பு என்று தெரியாது.

பத்து நாள் நாங்கள்தான் முதலிடம். கடையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கம்பி சுற்றினார். அந்தப் பத்து நாளும் நான் விதிமுறைப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நடுவில் சொந்தக்காரர்கள் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து ஒருவர், "நான் ஒங்களுக்கு வச்சேன்ல, நம்ம ஃபேன்சி ஸ்டோருக்கு எப்ப வைக்கிறீங்க?" என்றார். அவருக்கு வைத்தோம், உடையார்பாளையத்தில் முந்திரி விற்கிறவருக்கு வைத்தோம், நாங்கள் வாசல்படி மிதிக்காத ஒரு பியூட்டி பார்லருக்கும் வைத்தோம். வளையலும் முந்திரியும் மிகவும் தரமாக இருப்பதாக என் கணவர் பெயரில் நானே எழுதினேன்.

பதினோராம் நாள் காலையில் எங்கள் கடை வரைபடத்தில் இல்லை. ஸ்டார்கள் போனது மட்டுமில்லாமல் கடையே போய்விட்டது. மேல்முறையீடு செய்தேன். கடை போர்டு, உரிமம், வண்டி என்று எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். 'எங்கள் கொள்கைக்கு மாறானது' என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. என் கணவரின் அண்ணனிடம் சொன்னதற்கு, "அந்தக் கம்பெனிக்காரனுக்கு நம்ம மேல பொறாம" என்றார். ஆயிரம் மைல் தாண்டி எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவனுக்கு அரியலூர் காயில் கடை மேல் பொறாமையாம்.

மாசி முடியப்போகும் சமயத்தில் குன்னம் பக்கத்து அந்த வெங்காயக்காரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கடையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"கட இருக்கா? போன் மேப்புல தேடினேங்க, காட்டவே இல்ல. பழைய போனு தண்ணில வுழுந்ததுல நம்பரு போயிருச்சு. மூடிட்டீங்கன்னு நெனச்சு பைபாஸ் கடைக்குச் சொல்லிட்டேன். தூக்கிட்டுப் போனவங்க ஆறு நாள் ஆக்கிட்டாங்க. பாதி வெங்காயக் காடு காஞ்சிருச்சு."

என் கணவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காராமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் எழுதினதும் காணோமேம்மா. எதுனா தப்பா எழுதிட்டனா?"

"இல்லம்மா, நீங்க சரியாத்தான் எழுதினீங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பங்குனி பிறந்தது. எரிந்த மோட்டார்களெல்லாம் பைபாஸுக்குப் போயின. சொன்னபடியே என் கணவர் ஆலைக்காரர்களிடம் பேசி முடித்தார். முதல் நாள் வேலைக்குக் கிளம்பிய காலையில் சாப்பாட்டுப் பையை அவர் கையில் கொடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார்.

"அண்ணன் மேல கோவத்த வச்சிக்காத. அவருக்கு என்னா தெரியும், நல்லது செய்யத்தான நெனச்சாரு. இப்படி ஆவும்னு ஒனக்குத் தெரிஞ்சிருந்தா நீ அங்கயே தடுத்திருப்ப."

"ஆமாங்க, தடுத்திருப்பேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.