தலைக்கு ஊற்றியாச்சு, காய்ச்சல் போயாச்சா?

போன ஞாயிற்றுக்கிழமை ஓடைப்பட்டிக்குப் போயிருந்தேன். என் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வீடே தொட்டிலைச் சுற்றி நிற்கிறது. தாத்தாவான என் மச்சான் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பேத்தியைப் பார்க்கலாம்... தூக்கக் கூடாது. டாக்டர் உத்தரவு!

நடந்தது இதுதான். மச்சானுக்கு டைபாய்டு. மாத்திரை போட்டதும் காய்ச்சல் இறங்கிவிட்டது. காய்ச்சல் இறங்கினால் நம் பக்கம் என்ன செய்வோம்? வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றுவோம். ஊற்றியாச்சு என்றால் நோய் முடிந்தது — மேலே அப்பீல் கிடையாது. மச்சானும் குளித்தார், ஆட்டுக்கால் சூப் குடித்தார், மிச்ச மாத்திரையை ஃபிரிட்ஜ் மேலே போட்டுவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் திரும்பி வந்து ஆளைச் சாய்த்துவிட்டது. அதுவும் எப்போது? மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்த நேரத்தில்! பேத்தியின் முகத்தை மனிதர் முதலில் பார்த்தது செல்போனில்தான். பார்த்துவிட்டு அழுதாராம்.

அக்காவுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் விடவில்லை.

"இலை தெளிஞ்சிருச்சேன்னு கொடிக்கு மருந்தடிக்காம விட்டிருக்கீகளா? நோய் உள்ள ஒளிஞ்சிருக்கும்னு ஊருக்கெல்லாம் நீங்கதான சொல்றீக. ஒங்க ஒடம்புல மட்டும் அது ஒளிய எடம் இல்லையாக்கும்?"



அவரை மட்டும் சொல்வானேன்? காய்ச்சல் போவது வேறு, கிருமி போவது வேறு. நாமோ உடம்பு லேசானதும் நமக்கு நாமே டிஸ்சார்ஜ் எழுதிக்கொள்கிறோம். அடங்கிக் கிடக்கும் கிருமிக்கு அதைவிட என்ன வேண்டும்?

இந்த முறை மச்சான் கடைசி மாத்திரைவரை விழுங்கினார். டெஸ்ட்டும் கொடுத்தார். நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டரிடமிருந்து போன் வந்தது — ரிசல்ட் சுத்தம், குழந்தையைத் தூக்கலாம் என்று. மச்சான் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மகள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை சிணுங்கியது. பசிக்கிறது, கொடுங்கள் என்று மகள் கை நீட்டினாள். மச்சான் நிமிரவே இல்லை.

"இருத்தா... இப்பத்தான எங்கிட்ட வந்திருக்கா."

டைபாய்டைக்கூட விரட்டிவிடலாம் போலிருக்கிறது — இந்த மனிதரிடமிருந்து பிள்ளையை வாங்குவதுதான் பெரும்பாடு!