நெல்லகலம்

பலகை சீவும் மிசினின் கத்தி பூட்டிய உருளையை மங்கையற்கரசியின் கை மெல்லத் திருப்பியது. பின்மேசையில் நீட்டி வைத்திருந்த மரச்சட்டத்தைக் கத்தி முனை கவ்வி, சற்று இழுத்து, விட்டது. சட்டத்தில் பென்சிலால் இரண்டு கோடுகள். நடுவே ஒரு நெல்லின் அகலம். அவ்வளவுதான் இழுக்கவேண்டும். இது பெருவிரல் அகலத்துக்கு இழுத்திருந்தது.

"என்ன கா, விளையாட்டுச் சாமானா இது? கெதியாப் பார். ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்திரும்," என்றார் தங்கராசா.

மங்கையற்கரசி நிமிரவில்லை. கல்லடியில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை நடத்தும் இந்த மனிதர் இந்தப் பழைய சீவுளி மிசினை வாங்கிவந்து, போன கிழமை அவளைக்கொண்டுதான் கத்தி பூட்டினார். இப்போது பலகையின் கடைசி நாலு விரற்கடையில் குழி விழுகிறதாம். 'பொம்பிளை பூட்டின கத்தி' என்று வவுணதீவு வரைக்கும் சொல்லியாயிற்று. இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோன புருசன் திரும்பாத ஆறு வருசத்தில், அவனுடைய ஆணி முடுக்கும் சாவிகளை எடுத்து, கையை வெட்டி வெட்டித் தானே படித்த தொழில். இன்றும் குழி விழுந்தால், இனி எந்த மரக்காலையும் அவளைக் கூப்பிடாது.

"ஆர் கத்தியை உயர்த்தின?"

"ஆர் உயர்த்திற? நீ பூட்டினபடிதான் கிடக்கு."

"ஆணித் தலையில குறட்டுப் பல்லு பதிஞ்சிருக்கு. நான் குறடு பிடிக்கிறல்ல."

தங்கராசா வெற்றிலையைத் துப்பினார். "கரண்ட் ரெண்டு மணித்தியாலந்தானே வருது. கத்தி உயர்ந்தா ஒரே தள்ளில கூடச் சீவும் எண்டு..."

"கூடச் சீவ முன்மேசையை இறக்கணும். கத்தி பின்மேசைக்கு மேல நிண்டா, பலகை முன்மேசையை விட்ட உடனே தாழ்ந்து கத்தியில விழும். அதுதான் குழி."

"எனக்குப் படிப்பிக்க வந்தியா நீ?"

"இல்ல. கையை எடுங்க."

மூன்று கத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. சட்டம் கோட்டிலிருந்து கோட்டுக்கு நகரும்வரை தட்டினாள், தளர்த்தினாள், இறுக்கினாள். ஐந்தாவது முனையில் "காணும் கா, மினக்கெடாத" என்றார். வேண்டுமென்றே அதை மறுபடி தளர்த்தினாள். இழுவை இன்னும் மயிரிழை கூடத்தான் இருந்தது.

கரண்ட் வந்தது. முதிரைப் பலகையொன்றை உருளைமேல் தள்ளி முடித்தாள். சத்தம் கடைசிவரை ஒரே சீராக இருந்தது. மிசினை நிறுத்தி, பலகையின்மேல் மிசினடியில் கிடந்த அவருடைய குறட்டையும் வைத்து, நெஞ்சில் இடிக்க நீட்டினாள்.

"கடைசி நாலு விரலையும் தடவிப் பாருங்க. வவுணதீவுக்கும் நீங்களே போய்ச் சொல்லணும்."

தடவிப் பார்த்தார். குழி இல்லை. பலகையையும் குறட்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.