பாசி படியாத கற்கள்

ஒரு கை கல்லுக்கு அடியில் நுழைந்து மெல்ல அசைத்தது. மறு கை, தண்ணீர் போகிற பக்கத்தில் கொசுவலைத் துணியை விரித்துப் பிடித்திருந்தது. கல்லைத் தூக்கியதும் விரல்கள் அதன் அடிப்பாகத்தைத் துணிக்குள் தடவிக் கழுவின. பிறகு, முன்பு மண்ணைப் பார்த்திருந்த பக்கமே கீழிருக்க, கல் பழைய குழியில் உட்கார்ந்தது. துணியை வெள்ளை எனாமல் தட்டில் கவிழ்த்தால் கொஞ்சம் மணலும் ஓர் இலைத்துண்டும். பதினெட்டாவது கல். ஒரு பூச்சி இல்லை.

மீதி இரண்டையும் புரட்டிவிட்டுத்தான் சுருளியம்மாள் நிமிர்ந்தாள். ஓர் இடத்துக்கு இருபது கல் என்பது அவளே வைத்துக்கொண்ட கணக்கு.

மூன்று வருடம் முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தார் ஓடைப்பட்டிக்கு வந்து ஒருநாள் பயிற்சி நடத்தினார்கள். எந்தப் பூச்சி இருந்தால் ஓடை நன்றாக இருக்கிறது என்று படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தார்கள். கூட வந்த பெண்களுக்கு அது சாப்பாட்டுப் பொட்டலத்தோடு முடிந்தது. இவள் ஜெயமங்கலத்தில் தூண்டில் போடுகிற வீட்டில் பிறந்தவள். மீனுக்கு இரை தேடிக் கல் புரட்டியே வளர்ந்தவள். மூன்று வால் பூச்சியும், மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுவும் படம் வருமுன்பே பழக்கம். எட்டாம் வகுப்பு எழுத்தில் மாதம் ஒருமுறை நோட்டில் எழுதிவந்தாள். ஊரில் 'பூச்சியக்கா' என்று பேர் விழுந்தது.

அந்த நோட்டுக்கு 2006 மாசியில் வேலை வந்தது. குருவியோடைக் கரையில் குடிதண்ணீர்க் கிணறு வெட்ட இடம் பார்த்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வேலுச்சாமி, திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே, தண்ணீர் மிகத் தெளிவாக ஓடுகிற இடத்தைக் காட்டினார்.

"நீதான் பூச்சி பாக்குற ஆளாச்சே. ஓடை நல்லாருக்குன்னு ரெண்டு தாள்ல எழுதிக் குடு தாயி. மனுவோட சேத்து அனுப்பிருவோம்."

அந்த இடத்தில் மட்டும் அவள் ஒருநாளும் கல் புரட்டியதில்லை. துலக்கி வைத்த பாத்திரம் போலக் கிடக்கிற கல்லில் என்ன கோளாறு இருந்துவிடப்போகிறது என்று ஓடையின் மேல்பகுதியிலேயே பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

இப்போது அங்கே இருபது கல்லிலும் ஒன்றும் இல்லாததும், முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். போன வாரம் பெய்த மழை பூச்சிகளை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். மூன்று வாரம் காத்திருந்து மறுபடி புரட்டினாள். ஒன்றும் இல்லை. ஐம்பது அடிக்கு ஓர் இடமாகப் பார்த்துக்கொண்டே மேலேறினாள். தட்டைப் பாறை வரை ஒன்றும் இல்லை. பாறைக்கு மேலே, வழுக்குகிற பாசிக் கற்களில், நாற்பத்தொரு பூச்சி. நத்தைகள் தனி.

பாறை வெடிப்புகளில் நீலம் படிந்திருந்தது. பூஞ்சை பிடிக்காமல் திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும். தம்பி தங்கப்பாண்டியன் குத்தகைக்கு எடுத்த தோட்டத்து மருந்து டிரம்களை அங்கேதான் கழுவுவார்கள். அவளும் அந்தத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தாள்.

தம்பி பந்தலில் கொடி கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, பாறைக்குக் கீழ ஒண்ணுமே இல்லடா. நத்தகூட இல்ல."

"நத்த என்ன ஓட்டா போடப்போகுது?"

"மேல நாப்பத்தொண்ணு. கீழ சைபர்."

"தண்ணி கண்ணாடியா ஓடுதுக்கா. பாசி ஒரு பொட்டு இல்ல."

"நம்ம தொட்டியில பாசி பிடிச்சா நீ என்னத்தப் போடுவ?"

பாசியைக் கொல்லத் துத்தம்தான் போடுவான். எல்லாத் தோட்டக்காரர்களும் அதைத்தான் போடுவார்கள். அவன் கையிலிருந்த சணலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"போன வருசம் பாசி வழுக்கி விழுந்து இடுப்பப் பிடிச்சுக்கிட்டு கெடந்தவ, இப்ப பாசிக்கு வக்கீலாக்கும்" என்றான். பிறகு குரல் இறங்கியது. "தோட்டத்துக்காரவுக காதுக்குப் போச்சுன்னா குத்தகைய எடுத்துருவாகக்கா. நீ மேல பாத்தத மட்டும் எழுதேன். அது பொய்யில்லயே."

பொய்யில்லைதான். இரண்டு வீட்டு அடுப்பும் அந்தத் தோட்டத்தால்தான் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேலே பார்த்ததை மட்டும் ஒரு தாளில் எழுதினாள். அதைப் படித்துவிட்டு ஊர் அந்தத் தெளிந்த இடத்திலேயே கிணறு வெட்டும். தாளைக் கிழித்தாள். அடுத்த தாளில் இரண்டு எண்ணிக்கையும் போட்டு, டிரம் கழுவுவதையும் எழுதினாள். யார் கழுவுவது என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் ஊர் தங்கப்பாண்டியனைத்தான் காட்டும். ஆனால் எட்டு வருடம் முன்பு, "எதுக்குடா தண்ணி சொமக்குற, டிரம்மப் பாறைக்கு உருட்டிட்டுப் போயிருவோம்" என்றவள் அவள். அன்றிலிருந்து கழுவியதும் பெரும்பாலும் அவள்தான்.

மூன்றாவது தாளில் அதையும் எழுதினாள். கடைசியில், "கிணற்றில் ஊறும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெட்டுவதற்கு முன் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்" என்று முடித்தாள்.

காலையில் தம்பியிடம் சொன்னாள். "எம் பேரத்தான் எழுதிருக்கேன்."

"யாரு பேரா இருந்தா என்னக்கா. தோட்டம் ஒண்ணுதான." அவன் முகம் கொடுக்கவில்லை.

பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலுச்சாமி மனுவை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"வா பூச்சியக்கா. நல்லாருக்குன்னுதான எழுதிருக்க?"

"படிச்சுப் பாருங்க தலைவரே. படிச்சுப்புட்டு எங்கிட்டக் கேளுங்க. இங்கனதான் இருப்பேன்."

நோட்டிலிருந்து தாளை உருவினாள். இரண்டு எண்ணிக்கையையும் நோட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்த்தாள். கீழே கையெழுத்து இருந்தது. இரண்டு கையாலும் நீட்டினாள், அவர் வாங்கிக்கொண்டார்.