பாலாட்டம் ஒரு மருந்து

2009 வாக்கில் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. கம்பத்திலிருந்து மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவோம். ஒருமுறை மருந்தை மாற்றினார்கள். சொட்டு இறங்கிய சற்று நேரத்தில் அம்மாவின் முகம் சிவந்து மூச்சு முட்டியது. நர்ஸ் ஓடிவந்து நிறுத்தினார்.

மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள்தான் ஒத்துக்கொள்ளவில்லை, அது இல்லாமல் அதே மருந்து நானோ துகளாக வந்திருக்கிறது, புதுசு என்றார் டாக்டர்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்குத் திராட்சைத் தோட்டம். அந்த வருடம்தான் கடைக்காரர் கொடுத்த 'புது மருந்தை' அடித்துப் பூவெல்லாம் கருகியிருந்தது. புதுசு என்ற சொல்லே அவருக்கு ஆகவில்லை.

அடுத்த முறை நர்ஸ் கொண்டுவந்த மருந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. அத்தா எழுந்து மறித்தார்.

"போன மருந்து தண்ணியாட்டம் இருந்துச்சு. அதேதாங்கிறீக, இது பாலாட்டம் இருக்கு. எங்கனயோ இடிக்குதே."

எனக்கும் இடித்தது. காலிக் குப்பியை வாங்கி, காலாவதித் தேதியை இரண்டு தரம் படித்தேன்.

டாக்டர் வந்தார். "மருந்தை ரத்தத்துல இருக்கிற ஒரு புரதத்தோட சேர்த்து ரொம்பச் சின்னத் துகளாக்கியிருக்காங்க. கோடிக்கணக்குல மிதக்குறதால வெள்ளையாத் தெரியுது."

"யாரு ரத்தம்?"

"தானம் கொடுத்தவங்களோடது. சுத்தம் பண்ணித்தான் எடுப்பாங்க."

"கண்ணுக்குத் தெரியாத துகளு உள்ள போயி எங்கன நிக்கும்னு யாரு பார்த்தா?"

"கட்டிக்குள்ள கூடுதலாப் போகும்னு ஆராய்ச்சி சொல்லுது. இவங்களுக்கு எவ்வளவு கேக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க."

அத்தா என்னைப் பார்த்தார். கேட்டியா, அவருக்கே தெரியவில்லை என்பது போல.

படுத்தபடியே அம்மா சொன்னார்: "மூச்சு முட்டுனது எனக்கு. பயம் எனக்கும்தான் இருக்கு. எந்திரிச்சு வீட்டுக்குப் போனா கட்டி என்னைய விட்டுருமா? ஏத்தச் சொல்லுங்க."

அத்தா விலகி நின்றார். மருந்து இறங்கி முடியும் வரை அவர் அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா இருமினாலும் எழுந்தார், புரண்டாலும் எழுந்தார். ஒன்றும் ஆகவில்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டார். அத்தா அப்போதும் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்.

சில மாதங்களில் கட்டி சுருங்கியது. ஆபரேஷன் நடந்தது. அம்மா தேறினார். என்ன மருந்தில் குணமானது என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அத்தா, "ஏதோ ஏத்துனாக. நல்லாத்தான் இருக்கா, பார்ப்போம்" என்பார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால், தேனியில் இன்னொரு இடத்தில் எடுத்துப் பார்க்கச் சொல்வார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே கிளம்புவார்.