அப்பா தின்ற சுறாப்புட்டு

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் போலீஸ்காரர்கள் ஆகிவிடுவோம். மற்ற வீடுகளில் ஜெபமாலையும் சிலுவைப்பாதையுமாக அடக்க ஒடுக்கமாகப் போகும் நாற்பது நாளும் எங்களுக்கு ஒருவரை ஒருவர் மோப்பம் பிடிப்பதிலேயே போகும். அதற்குக் காரணம் பெரியப்பா.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் காரைக்காலுக்குத் திரும்பியவர். அதனால் எங்கள் வீட்டுக்குத் தெருவில் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்றே பெயர். பெரியம்மா அங்கேயே இறந்துவிட, தனியாளாக வந்து, தான் கட்டிய வீட்டில் தம்பி குடும்பத்தைக் குடிவைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிட்டு வந்தார். வீடு அவருடையது, ஆகவே சட்டமும் அவருடையது. பிரான்சில் இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் கறியை விட்டு மீன் தின்றவர் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். ஊருக்கு வந்த பிறகு மீனும் கவிச்சிதான் என்று முடிவுகட்டி, சாம்பல் புதனில் இருந்து ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதையும் வாசற்படி ஏறவிடமாட்டார்.

இது வீட்டுக்குப் பொது. இதுபோக, சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பல் கலையாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்றை விடுவதாகச் சொல்ல வேண்டும். விட்டதைத் தொட்டு அகப்பட்டவர் அன்றைய பாத்திரம் அத்தனையையும் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க வேண்டும். மற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த அடி சரியாகப் போகவில்லை, இந்தக் கரி விடவில்லை என்று குற்றம் சொல்லலாம். இன்னொரு விதியும் உண்டு. தினமும் யாருக்காவது ஒரு நல்லது செய்ய வேண்டும், ஆனால் மூச்சுவிடக் கூடாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார். சொல்லிவிட்டால் அதற்கும் பாத்திரம்தான்.

அதனால் அந்த நாட்களில் வீட்டில் அதிசயங்கள் நடக்கும். காலையில் எழுந்து பார்த்தால் என் சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கும். அண்ணனின் கிழிந்த புத்தகத்துக்கு அட்டை போட்டிருக்கும். காலில் கட்டுப் போட்டிருந்த எதிர்வீட்டு ஆசிரியரின் வாசலை யாரோ பெருக்கியிருப்பார்கள். யார் செய்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி விட்டத்தைப் பார்ப்போம்.

அந்த வருடம் அப்பா டீயை விட்டார். மறுவாரமே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்ணாடி கிளாசும் கையுமாக அண்ணனிடம் மாட்டிக்கொண்டார். டீயைத்தானே விட்டேன், இது சுக்குக் காப்பி என்று வாதாடினார். பெரியப்பா எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுக்கிலும் பால் ஊற்றினால் டீதான் என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் செல்போனில் பாம்பு விளையாடுவதை விட்டிருந்தான். குளியலறைக்குள் இருந்து பாம்பு செத்த சத்தம் கேட்டு மாட்டினான். நான் குச்சி ஐஸை விட்டேன். சாயம் ஏறிய என் நாக்கே என்னைக் காட்டிக்கொடுத்தது. பெரியப்பா ஒயினை விட்டு, அலமாரிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அவரைப் பிடிக்க வழியே இல்லை. அம்மாவைக் கேட்டபோது, எனக்கென்ன தனியாக, வீட்டுக்கு உள்ளதுதான் எனக்கும், கவிச்சியை விடுகிறேன் என்றாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அகப்படாதவள் அம்மா ஒருத்திதான். அவளைப் பிடித்துவிட்டால் தெருவுக்கே நான்தான் இன்ஸ்பெக்டர் என்று நான் கறுவிக்கொண்டிருந்தேன்.

முதலில் துப்புக் கொடுத்தது பூனை. பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை தவக்காலத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அந்த வருடம் அது கொல்லையே கதி என்று கிடந்தது. அடுத்தது சாம்பிராணி. காலையில் பெரியப்பா மற்ற பென்ஷன்காரர்களோடு கடற்கரைக்கு நடக்கப் போய்த் திரும்பி வரும்போது வீடே புகைமூட்டமாக இருக்கும். இந்தப் பெண்ணுக்குத்தான் என்ன பக்தி என்று அவர் எங்களிடம் பெருமையாகச் சொல்வார். மூன்றாவது, அம்மாவின் தலைவலி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவளுக்குத் தலை வலித்தது. மார்க்கெட்டுப் பக்கம் இருந்த மருந்துக்கடைக்குப் பையோடு போய் மாத்திரை வாங்கி வருவாள். ஒரு மாத்திரை வாங்க அவ்வளவு பெரிய பை எதற்கு என்று நான் யோசித்தேன்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை, வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். பெரியப்பா நடக்கப் போனார். அப்பா வேலைக்குப் போனார். கொல்லைக் கதவைக் காரைக்கால்மேட்டு மீன்காரம்மா மெதுவாகத் தட்டியதும், அம்மா முந்தானைக்குள் எதையோ வாங்கியதும், அடுக்களைக் கதவு சாத்தப்பட்டதும் கேட்டது. சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு வாணலியைக் கிளறினாள். ஒரு சிட்டிகை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள்.  அம்மா திருட்டுத்தனமாக மீன் தின்கிறாள். அதுவும் தவக்காலத்தில்.

அந்த மீன் யாருக்கு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியவந்தது ரொம்பக் காலம் கழித்து, என் பிள்ளை பிறந்து அம்மா எனக்கு அதே புட்டைக் கிண்டிக் கொடுத்தபோதுதான்.

அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு. தகப்பன் இல்லாத அந்தப் பெண்ணைத் தோளில் போட்டு வளர்த்தவர் பெரியப்பா. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்து வாக்கும் கொடுத்திருந்தார். அத்தை அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூடப் படித்த விழிதியூர்ப் பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். பெரியப்பா அவளுடைய பீரோவையும் தையல் மிஷினையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார். இனி அவளோடு போக்குவரத்து வைத்துக்கொள்கிறவர்கள் என் வீட்டில் இருக்க வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அத்தையின் பேரை யாரும் எடுத்ததில்லை. எங்களுக்குப் போக வேறு வீடும் இல்லை.

அந்தத் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பால் போதவில்லை. குழந்தை ராத்திரி பகலாக அழுதது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் பால் சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, இஞ்சியும் மிளகும் நிறையப் பூண்டும் போட்டுக் கிண்டிக் கொடுப்பது எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அத்தை புகுந்த வீடோ சுத்த சைவம். ஆகவே அம்மா இங்கே கிண்டி, மருந்துக்கடையில் வேலை பார்த்த அத்தையின் புருஷன் கையில் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிடுவாள். அவர் சாப்பாட்டு நேரத்தில் விழிதியூருக்குக் கொண்டுபோவார். முட்டையைக்கூடத் தொட்டறியாத அத்தையின் மாமியார், மாட்டுக்கொட்டகைப் பக்கம் இலை போட்டு, மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, மருமகள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். அந்தப் புட்டில் ஒருநாள் உப்பு கூடும், ஒருநாள் குறையும் என்று அத்தை இப்போதும் கேலி செய்வாள். அம்மா நாக்கில் வைத்துப் பார்க்காமல், மோந்து பார்த்தே உப்புப் போட்டிருக்கிறாள். ஜன்னலில் நின்ற எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

இதெல்லாம் தெரியாத இன்ஸ்பெக்டர் நான், சாட்சி தேடிக் கொல்லையில் அலைந்தேன். முருங்கை மரத்தடியில் அம்மா புதைத்து வைத்ததைப் பூனை தோண்டிப் போட்டிருந்தது. உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஒரு துண்டுத் தோல். அதைக் கழுவிக் காயவைத்துக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன். எல்லோரும் கூடியிருக்கும் நாளாகப் பார்த்து வெளியே எடுக்கலாம் என்று காத்திருந்தேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஓலையைப் பிடித்துக்கொண்டு பவனி போய், பூசை முடிந்து வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், பூண்டு ரசம். அப்பா வழக்கம்போல ரசத்தில் இருந்த பூண்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து நின்றேன்.

“பெரியப்பா, அம்மாவைப் பிடிச்சிட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாட்சி உண்டா என்று கேட்டார். நான் காகிதத்தைப் பிரித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் அந்தத் தோலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். கரண்டியில் இருந்து ரசம் தரையில் சொட்டியது. எனக்கு உற்சாகம் பிடிபடவில்லை. பூனையில் ஆரம்பித்தேன். சாம்பிராணியைச் சொன்னேன். கொல்லைக் கதவு, சாத்திய அடுக்களை, வாயில் போட்ட சிட்டிகை, எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக்கடையைச் சொல்வதற்குள் அப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிடி வலித்தது.

“என்னம்மா, பாப்பா சொல்றது நெசமா?” என்று பெரியப்பா கேட்டார்.

அம்மா கரண்டியை ரசச் சட்டிக்குள் வைத்தாள். தின்றேன் என்றால் அவள் கட்டிக்காத்த விரதம் பொய்யாகும். தின்னவில்லை என்றால் பிறகு யாருக்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் நாங்கள் வீட்டை விட்டு இறங்க வேண்டியதுதான். அங்கே ஒரு குழந்தை பாலுக்கு அழும். அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து, பாத்திரம் தேய்க்கப் பயப்படுகிறாள் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். 

“அண்ணே, அவ தின்னல” என்றார் அப்பா. “நான்தான் ஆக்கச் சொன்னேன். நான்தான் தின்னேன்.”

எனக்கு வந்ததே கோபம். காலையில் எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறவர் எப்படித் தின்றிருக்க முடியும்? அப்பா பொய் சொல்கிறார் என்று கத்தினேன். அண்ணன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். தோலைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார்.

“இது பால் சுறா. இதையா நீ தின்னே?”

“ஆமாண்ணே.”

  அப்பா தலையைக் குனியவில்லை. பெரியப்பா எதிரில் அவர் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பெரியப்பா காகிதத்தைத் தோலோடு பழையபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ரசம் ஊத்தும்மா” என்றார்.

சாப்பிட்டு முடித்தார். கைகழுவிவிட்டு, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“குத்தம் குத்தம்தான். பாத்திரத்தத் தேய்ச்சிடு. ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்கு. தின்ன ருசி சும்மா விடாது. தின்னணும்னா தின்னு, ஆனா தெனமும் நீதான் தேய்க்கணும்.”

சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்காமல், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார். விளக்க விளக்கக் கண்ணைப் புறங்கையால் துடைத்தார். சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

என் தோல்வியை என்னால் தாங்க முடியவில்லை. கையும் களவுமாகப் பிடித்த ஆளை விட்டுவிட்டு வேறு ஒருவருக்குத் தண்டனை கொடுக்கும் நியாயம் எந்த ஊரில் உண்டு? அதைவிட எரிச்சல், தண்டனை பெற்றவர் அந்த வாரம் முழுக்கப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தது.

புனித வாரத்தில் எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒரு காலையில் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. பெரியப்பா அன்று நடக்கப் போகவில்லை. கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்று அவரையே பார்த்தாள். அவர் பேப்பரில் இருந்து தலையை எடுக்கவில்லை. அம்மா திரும்பிப் போய்க் கதவைத் திறந்து மீனை வாங்கினாள். சாம்பிராணி போடவில்லை. அடுக்களைக் கதவையும் சாத்தவில்லை. சுறா வேகும் வாசம் கூடம் முழுக்கப் பரவியது.

பெரியப்பா ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

“பூண்டு நெறையப் போடும்மா” என்றார், தலை நிமிராமலே.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்குப் பூண்டே பிடிக்காது. கூடப் பிறந்து, ஒரே மேஜையில் இத்தனை வருடம் சாப்பிட்டும், தம்பி தட்டோரத்தில் ஒதுக்கி வைப்பதைக்கூட இவர் கவனித்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.