ஆத்தாளின் கன்னத்துச் சந்தனம்

இன்று காலை என் மகள் பவுடரை இரண்டு கன்னங்களிலும் வட்டமாக அப்பிக்கொண்டு வந்து நின்றாள். திட்டுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். அது சரிதானா என்று இப்போதும் யோசனையாக இருக்கிறது. ஆனால் அந்த வட்டம் எனக்குப் புதிதல்ல.

அம்மா ரங்கூனில் பிறந்தவள்; கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அவளுடைய தங்கையான என் சித்தியும், பெரியம்மாவை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறி எங்களிடம் வந்து சேர்ந்தாள். பெட்டி நிறையத் தூரிகைகள். சென்னைக்குப் போய் ஓவியம் படிக்க வேண்டும் என்றாள். அப்பாவோ மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஆடித் திருவிழாப் பந்தலுக்கு அம்மன் படம் வரையும் வேலை வந்தபோது அவரே ஒரு வழி சொன்னார்: ஊர் ஏற்றுக்கொண்டால் படிப்பு, இல்லையென்றால் கல்யாணம்.

சித்தி கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தாள். சாயக் கிண்ணம் பிடித்தது நான். ஆகவே படத்தில் பாதி என்னுடையது என்று நம்பியிருந்தேன்.

படம் வரைந்த திரையை விரித்துக் கட்டியதும் கூட்டம் நெருக்கியடித்து முன்னால் வந்து பார்த்தது. அம்மனின் கன்னங்களில் வெளிர்மஞ்சள் வட்டங்கள்! ரங்கூனில் பெண்கள் மரப்பட்டையை அரைத்து அப்படிப் பூசிக்கொண்டுதான் வெளியே கிளம்புவார்களாம். பழகிய கை, யோசிக்காமல் அதையும் வரைந்துவிட்டது.

“இன்னாம்மா இது! ஆத்தா பூசுன மஞ்சள கழுவாமயே வந்துகீறா?” என்றார் தர்மகர்த்தா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தியின் கை என் தோளை இறுக்கியது.

பழவேற்காட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா முன்னால் வந்தாள். “உடு நைனா! இந்த வெயில்ல ஊர சுத்தி வர்றவ, சில்லுனு எதுனா பூசிக்கினா உனுக்கு இன்னா பேஜாரு? பாப்பா, எனுக்கும் ஒண்ணு இட்டு உடு” என்று கன்னத்தை நீட்டினாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தி பூசைச் சந்தனத்தில் விரலைத் தோய்த்தாள். அடுத்தது நான். பிறகு ஒரே தள்ளுமுள்ளு. சாயங்காலம் தர்மகர்த்தாவின் மனைவி கன்னத்திலும் வட்டம் இருந்தது. அதைப் பார்த்த அப்பா, “சரி, போய்ப் படிச்சிக்கினு வரட்டும்” என்றார்.

இன்று சித்தியின் ஓவியங்கள் கடல் கடந்த ஊர்களின் கண்காட்சிகளுக்கெல்லாம் போகின்றன. எல்லாவற்றிலும் அந்தக் கன்னம் இருக்கிறது.

அன்று எல்லோரும் கலைந்த பிறகும் அம்மா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்தாள், உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாய நெடி என்று நினைத்து நான் அவளுக்கு விசிறினேன். அது, வரமாட்டேன் என்று ரங்கூனிலேயே தங்கிவிட்ட பெரியம்மாவின் முகம் என்று எனக்கு அப்போது தெரியாது.